சேதுச் சீமையின் காகிதங்கள்: இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களின் நில ஆவணங்கள் பற்றி ஓர் ஆய்வு

தமிழகத்தில் ஜமீன்தாரி முறை ஒழிந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் ஒரு நில வழக்கு சற்று ஆழமாகப் போனால், அது கோயில் மானியமா, அரண்மனையின் பண்ணை நிலமா, குடிகளின் சாகுபடி நிலமா என்ற கேள்வியில்தான் போய் நிற்கும். பதில் தேட ஜமீன் காலத்துக் காகிதங்களைத்தான் புரட்ட வேண்டும். வரலாற்று ஆய்வாளர்களும் அதே காகிதங்களைத்தான் நம்பியிருக்கிறார்கள். மறவர் சீமை எனப்படும் இப்பகுதியின் அரசு, வேளாண்மை, பாசனம், சாதி உறவு ஆகியவை பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதிக்கு இவையே ஆதாரம்.

இந்த ஆவணங்களை 1600-களிலிருந்து 1949 வரை தொடர்ந்து எழுதப்பட்ட ஒரே நிலக் கணக்காக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்படி ஒரு கணக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அரண்மனையின் உரிமைக்கு எதிராளி ஒருவர் தோன்றிய போதெல்லாம் ஒரு வகை ஆவணம் பிறந்தது. எதிராளி மாறியபோது ஆவணத்தின் வடிவமும் மாறியது. செப்பேடு, சன்னது, நீதிமன்றக் கட்டு, கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் அறிக்கை, உரிமைப் பதிவேடு ஆகியவற்றைத் தனித்தனியே படித்தால் ஒவ்வொன்றும் ஒரு சீமையைக் காட்டும். யாரை எதிரில் வைத்து எழுதப்பட்டவை என்று கேட்டுப் படித்தால்தான் ஒரே சீமை தெரியும்.

சீமை உருவான விதம்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் காலத்தில் சடைக்கன் சேதுபதி சீமையின் தலைவராக அங்கீகாரம் பெற்றார். இராமேசுவரம் செல்லும் யாத்திரை வழியைக் காப்பதே அந்தப் பதவியின் அடையாளம். ‘சேது காவலன்’ என்ற பட்டம் அதிலிருந்து வந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றினார். 1730-ஐ ஒட்டி நடந்த வாரிசுப் போரின் முடிவில் சீமை ஐந்து பங்கானது. மூன்று பங்கு கட்டையத் தேவர் வழி இராமநாதபுரத்துக்கும், இரண்டு பங்கு சசிவர்ணத் தேவர் வழி சிவகங்கைக்கும் போயின. இரண்டு அரண்மனைகளின் ஆவணங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

செப்பேடு: வருங்கால அரசனுக்கு ஒரு எச்சரிக்கை

மிகப் பழைய அடுக்கு செப்பேடுகள். ஜேம்ஸ் பர்ஜஸும் நடேச சாஸ்திரியும் 1886-இல் வெளியிட்ட தொகுதியில் சில அச்சேறின. பின்னர் எஸ்.எம். கமால் சேதுபதி மன்னர்களின் செப்பேடுகளைத் திரட்டித் தமிழில் பதிப்பித்தார். இராமேசுவரம் கோயில், மடங்கள், சேது வழியில் இருந்த அன்னசத்திரங்கள், பிராமணக் குடியிருப்புகள், பள்ளிவாசல்கள், தர்காக்கள் எனக் கொடை பெற்றவர்களின் வரிசை நீளமானது.

இவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் அரசரின் விருதுகள் வரிசையாக வரும். அடுத்து கொடைக்கான காரணமும் கொடுத்த ஊரும் வரும். ஊரின் நான்கெல்லை கண்மாய்க் கரை, மரம், எல்லைக்கல் கொண்டு சொல்லப்படும். நஞ்சையை அதில் விதைக்கும் விதையின் அளவால் ‘கல விரையடி’ என்றும், புஞ்சையைக் ‘குறுக்கம்’ என்றும் அளப்பார்கள். நிதி, நிட்சேபம், நீர், மரம், கல் எனத் தொடரும் அட்டபோகங்களும் சேர்த்துக் கொடுக்கப்படும். முடிவில் இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற சாபம் இருக்கும்.

செப்பேடு யாரிடம் பேசுகிறது என்பதை அந்தச் சாபமே காட்டிவிடுகிறது. கொடையைப் பறிக்கக்கூடியவன் அடுத்து பட்டத்துக்கு வரும் அரசன், எதிராளி அவன்தான். அதனால் ஊர் எவ்வளவு விளையும், யார் உழுகிறார்கள், களத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பவற்றைச் செப்பேடு பொருட்படுத்துவதில்லை. வேறொரு சிக்கலும் உண்டு. செப்பேட்டைப் பாதுகாத்தவர் அதைப் பெற்றவர். மடமும் கோயிலும் நிலையான நிறுவனங்கள் என்பதால் அவற்றின் பட்டயங்கள் பிழைத்தன. படை ஊழியத்துக்காகச் சேர்வைக்காரர்களுக்கு விடப்பட்ட ‘ஜீவித’ நிலங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியவை. அவற்றுக்குச் செப்பேடு வெட்டுவதற்கு அவ்வளவு தேவை இருக்கவில்லை. செப்பேடுகளை மட்டும் எண்ணி, மறவர் அரசு முழுவதும் அறக்கொடையில் நின்றது என்று சொன்னால், படையால் நின்ற பாதி விடுபட்டுப் போகும்.

1858-இல் தொடங்கிய இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. யார் கொடுத்தது, எதற்காக, எவ்வளவு நிலம், இப்போது யார் அனுபவிக்கிறார்கள் என்று ஒவ்வொரு மானியத்தையும் அவை விசாரித்து எழுதின. ஒரே ஊரின் செப்பேட்டையும் இனாம் பதிவையும் ஒன்றாக வைத்துப் படிப்பவருக்கு, கொடுத்தபோது இருந்த நிலைக்கும் கைமாறிய பிறகு இருந்த நிலைக்கும் உள்ள இடைவெளி புலப்படும்.

சன்னது: அரசர் ஜமீன்தார் ஆனபோது

1772-இல் ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் இரு சீமைகளையும் பிடித்தன. சிவகங்கையின் முத்துவடுகநாதத் தேவர் காளையார்கோவிலில் மாண்டார். அவர் மனைவி வேலு நாச்சியார் 1780-இல் சீமையை மீட்டார். இராமநாதபுரத்தில் முத்துராமலிங்க சேதுபதி 1795-இல் பதவி நீக்கப்பட்டு, சிறையிலேயே இறந்தார். 1801-இல் கம்பெனியை எதிர்த்த மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரைக் கம்பெனி சிவகங்கைக்கு ஜமீன்தாராக அறிவித்தது. 1803-இல் நிரந்தரத் தீர்வைச் சன்னது (உரிமைப் பத்திரம்) வழங்கப்பட்டபோது இராமநாதபுரத்தில் அதைப் பெற்றவர் மங்களேசுவரி நாச்சியார்.

1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஜமீன்தார் அரசுக்குச் செலுத்த வேண்டிய ஆண்டுப் பேஷ்குஷ் என்றென்றைக்குமாக நிர்ணயிக்கப்பட்டது. பாக்கி விழுந்தால் ஜமீனை ஏலத்தில் விற்கலாம். உப்பு, சாராயம், சுங்கம் ஆகியவற்றின் வருமானத்தை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. ஆயுதமும் படையும் ஏற்கெனவே பறிபோயிருந்தன. எனவே சன்னதில் எழுதியிருப்பதற்கு நிகராக, அதில் சேர்க்காமல் விட்டவையும் கவனிக்க வேண்டியவை. ஓர் அரசன் எதையெதை இழந்து ஜமீன்தாரானான் என்பதன் பட்டியல் அது.

இந்த அடுக்கின் குறை வேறு வகையானது. பேஷ்குஷ் நிர்ணயத்துக்கு அடிப்படை முந்தைய ஆண்டுகளின் வசூல் கணக்கு. வயல்வயலாக நிலத்தை அளந்து செய்ததல்ல. போரும் பஞ்சமும் கண்ட ஆண்டுகளின் வசூலை ஒரு சீமையின் இயல்பான விளைச்சலாகக் கொள்ள முடியாது. கம்பெனிக்கு வேண்டியிருந்தது மொத்தத் தொகை ஒன்றே. கிராமக் கணக்கைப் பார்க்க அதே ஆண்டின் 29-ஆம் சட்டம் கணக்குப்பிள்ளைக்குக் கடமை விதித்தது. ஆனால் ஜமீன் ஊர்களின் கணக்குப்பிள்ளை நடைமுறையில் அரண்மனைக்கு அடங்கியே இருந்தார். குடிகளிடம் அரசே நேராக வரி வாங்கிய பக்கத்து ரயத்துவாரி ஊர்களில் புல எண்ணும் வரைபடமும் வந்த பிறகும், ஜமீன் ஊர்கள் நெடுங்காலம் அளக்கப்படாமலே கிடந்தன.

வழக்குக் கட்டு: எதிராளி வீட்டுக்குள்ளேயே

கம்பெனியோடு தகராறு தீர்ந்ததும் எதிராளிகள் உறவினர்களிடையே தோன்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிக விரிவான ஜமீன் ஆவணங்கள் வாரிசு வழக்குகளில்தான் கிடைக்கின்றன.

சிவகங்கை வழக்கு இதற்குச் சிறந்த சான்று. கௌரி வல்லபத் தேவர் 1829-இல் ஆண் வாரிசின்றி இறந்தார். ஜமீன் அண்ணன் வழியினரின் கைக்குப் போனது. விதவைகளும் பிறகு மகள் கட்டம நாச்சியாரும் வழக்காடினர். கூட்டுக் குடும்பத்தில் இருந்த ஒருவர் தாமே ஈட்டிய சொத்து அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் போகுமா, பங்காளிகளுக்கா என்பதே கேள்வி. 1801-இல் கம்பெனி கொடுத்தது பழைய உரிமையின் தொடர்ச்சியா, புதிய கொடையா என்பதைப் பொறுத்து விடை மாறும். 1863-இல் லண்டன் பிரிவி கவுன்சில், இது கௌரி வல்லபர் தனியாகப் பெற்ற சொத்து என்று கொண்டு கட்டம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இந்து வாரிசுச் சட்டம் பயில்பவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு இது.

இராமநாதபுரத்து வழக்கில் எதிராளி அரசாங்கமே. ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் 1847-இல் முத்துராமலிங்கத்தைத் தத்தெடுத்தார். கணவரின் அனுமதியின்றி விதவை செய்த தத்து செல்லாது, எனவே ஜமீன் அரசைச் சேரும் என்று மதுரைக் கலெக்டர் தரப்பு வாதாடியது. 1868-இல் பிரிவி கவுன்சில் தத்தை ஏற்றது. தெளிவாக நிறுவப்பட்ட வழக்காறு சாத்திர வாசகத்தைவிட வலியது என்ற கோட்பாட்டுக்கு இந்தத் தீர்ப்பே அடிக்கடி மேற்கோளாகிறது.

வழக்காற்றை நிறுவச் சாட்சிகள் வேண்டும். அதனால் குடும்ப வரலாறு, திருமண முறை, பட்டம் சூட்டும் சடங்கு, பாகம் பிரிந்த கதை எல்லாம் வாக்குமூலங்களாக எழுத்தில் வந்தன. வேறெங்கும் காணக் கிடைக்காத செய்திகள் இவை. ஆனால் ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் பின்னால் ஒரு வக்கீல் இருந்தார். ஒரே குடும்பத்தின் வம்சாவளி, வாதி தரப்பில் ஒரு மாதிரியும் பிரதிவாதி தரப்பில் வேறு மாதிரியும் இருக்கும். ஜே.எச். நெல்சன் 1868-இல் வெளியிட்ட மதுரை மாவட்டக் கையேடும், ராஜாராம் ராவ் தொகுத்த இராமநாதபுரம் சமஸ்தானக் கையேடும் இந்த வழக்குகள் உச்சத்தில் இருந்தபோதும் ஓய்ந்தபோதும் எழுதப்பட்டவை. அவற்றின் வம்சாவளிகளைக் கட்சிக்கு அப்பாற்பட்ட உண்மையாகக் கொள்வது ஆபத்து.

கமுதிக் கோயில் வழக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1897-இல் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டதை எதிர்த்து, பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் இராமநாதபுரம் ஜமீன்தார் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899-இல் கீழ் நீதிமன்றமும் இறுதியாக 1908-இல் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. இடையில் சேதுபதியே சமரசத்துக்கு இறங்கி வந்தும் வழக்கு நிற்கவில்லை. அரண்மனையின் உரிமை என்பது நிலத்தோடு முடியவில்லை, யார் எந்த வாசல் வரை வரலாம் என்று வரையறுப்பதும் அதில் அடக்கம் என்பதற்கு அந்தக் கட்டு சாட்சி.

கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்: கடன்காரர் முன்னால்

தத்தெடுக்கப்பட்ட அந்த முத்துராமலிங்க சேதுபதி 1873-இல் இறந்தபோது பிள்ளைகள் சிறுவர்கள். வயது வராத வாரிசுகளின் ஜமீனை அரசு சார்பில் பார்த்துக்கொள்ளும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்தில் ஜமீன் 1889 வரை இருந்தது. அரண்மனைச் செலவு, கடன், கண்மாய் மராமத்து, வசூல், நிலுவை எல்லாம் ஆண்டு அறிக்கையாக ஒரே இடத்தில் சேர்ந்த காலம் இது. எண்களைத் தேடும் ஆய்வாளருக்கு இதைவிட வளமான பகுதி கிடையாது.

இந்த அறிக்கைகளுக்கும் ஒரு சாய்வு உண்டு. வாரிசுகளின் ஊதாரித்தனம், அதிகாரிகளின் சிக்கனம் என்ற கதையை அவை திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 1889-இல் பொறுப்பேற்ற பாஸ்கர சேதுபதி கொடையாலும் விழாக்களாலும் கடனில் மூழ்கினார். விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்கு ஊக்கமளித்தவர், 1897-இல் அவரைப் பாம்பனில் வரவேற்றவர், மதுரையின் நான்காம் தமிழ்ச் சங்கத்துக்குத் துணை நின்றவர் அவரே. கணக்குப் புத்தகத்துக்கு இவை வீண் செலவு. சேதுபதி என்ற பதவிக்கோ கொடுப்பதே கடமை. செப்பேட்டில் புகழாக இருந்த அதே செயல் வார்டு அறிக்கையில் குற்றமாகிவிடுகிறது. சிவகங்கையும் கடன் சுமையால் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் குத்தகைதாரர்களின் கைக்குப் போனது. அவர்கள் குடிகளோடு நடத்திய வழக்குகள் இன்னொரு ஆவணத் தொகுதியாக வளர்ந்தன.

கடலுக்கும் நீண்ட ஜமீன்

இந்தச் சீமையின் எல்லை கரையோடு நிற்கவில்லை. சங்கு குளிக்கும் உரிமை, தீவுகளில் சாயவேர் எடுக்கும் உரிமை போன்றவற்றை அரண்மனை குத்தகைக்கு விட்டது. பாக் நீரிணையின் சங்குப் படுகைகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 1904-இல் தந்த தீர்ப்பு, பன்னாட்டுக் கடல் சட்ட விவாதங்களிலும் எடுத்தாளப்பட்டது. கச்சத்தீவு இந்தக் குத்தகைப் பத்திரங்களில் இடம்பெற்றதால், இந்தியா–இலங்கை விவாதத்தில் ஜமீன் காகிதங்களே முக்கியச் சான்றாக முன்வைக்கப்பட்டன. 1974 உடன்படிக்கையில் தீவு இலங்கைக்குச் சென்றது. அரண்மனைக்குச் சில ரூபாய் குத்தகை தந்த ஒரு சாதாரணப் பத்திரம் இரண்டு நாடுகளின் எல்லைக் கேள்வியில் எடைபோடப்பட்டது.

குடிகள் எழுத்தில் வந்த காலம்

இதுவரை சொன்ன அடுக்குகளில் உழுபவர் பெயர் அரிதாகவே வரும். மழையை நம்பிய சீமை. நூற்றுக்கணக்கான கண்மாய்களில் தேங்கும் நீரே நஞ்சைக்கு உயிர். வரி பெரும்பாலும் வாரம், அதாவது விளைச்சலில் ஒரு பங்கு. கதிரடித்துக் களத்தில் நெல்லாகப் பிரிப்பார்கள். பிரிக்கும் முன்னே மடைபார்ப்பவர், காவல்காரர், கொல்லர், தச்சர், வண்ணார், கோயில் பூசாரி ஆகியோருக்குரிய சுதந்திரங்கள் (ஊழியப் பங்குகள்) கழியும். இந்த ஏற்பாடு நினைவாலும் மாமூலாலும் நடந்ததால் அதற்குக் காகிதம் தேவைப்படவில்லை.

1908-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் நிலைமையை மாற்றியது. நிலத்தில் குடிகளுக்குள்ள குடிவார உரிமை சட்டப்படி உறுதியானது. பண்ணை நிலம் எது, குடிகளின் நிலம் எது என்று பிரிக்க வேண்டி வந்தது. நெல்லாகத் தரும் வாரத்தைப் பணத் தீர்வையாக மாற்றக் குடிகள் மனுச் செய்யலாம் என்றானதும், களத்துக் கணக்குகள் வருவாய் நீதிமன்றத்துக்கு வந்தன. அச்சட்டப்படி உரிமைப் பதிவேடு தயாரானபோதுதான் பல ஊர்களில் உழுபவரின் பெயர் நிலத்தின் பெயரோடு ஒரே வரியில் எழுதப்பட்டது. எதிராளியாகக் குடிகள் எழுந்து நின்ற பிறகே குடிகளின் ஆவணம் பிறந்தது. அப்போதும் பதிவானவர் பட்டாதாரர்தான். அவரிடம் பண்ணையாளாக உழைத்த பள்ளர், பறையர் குடும்பங்கள் ஏட்டுக்கு வெளியேதான் இருந்தன.

1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இறுதி அடுக்கு. 1949-இல் சீமை அரசின் கைக்கு வந்தது. அச்சட்டம் கணக்குகள், பதிவேடுகள், பட்டா, முச்சலிகா (குடிகள் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம்), வரைபடங்கள் ஆகியவற்றில் நிர்வாகத்துக்கு வேண்டியவற்றை அரசு எடுத்துக்கொள்ள இடமளித்தது. அரண்மனையின் ஆவணத் தொகுப்பு அந்த ஒரு விதியால் இரண்டாகப் பிளந்தது. வசூலுக்கு உதவியது அலுவலகத்துக்குப் போனது. விழா, கொடை, உறவு, மரியாதை பற்றியது அரண்மனையிலேயே தங்கியது. இழப்பீட்டுக்காக நடந்த தீர்ப்பாய விசாரணைகள் கடன்காரர், ஜீவனாம்சம் பெறுவோர், பங்காளிகள் அனைவரையும் கடைசியாக ஒருமுறை ஒரே கட்டில் சேர்த்தன.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன

நிக்கோலஸ் டர்க்ஸின் ‘தி ஹாலோ கிரௌன்’ (1987) அண்டைப் புதுக்கோட்டையை ஆராய்ந்து, கொடையும் மரியாதையுமே பழைய அரசின் உள்ளீடு, காலனி ஆட்சி கிரீடத்தை விட்டுவைத்து உள்ளீட்டை உறிஞ்சிவிட்டது என்றது. பமீலா பிரைஸ் (1996) இராமநாதபுரம், சிவகங்கை வழக்குகளைக் கொண்டு, போர்க்களத்தில் நடந்த பட்டப் போட்டி நீதிமன்றத்துக்கு இடம் மாறியதைக் காட்டினார். டேவிட் மோஸ் ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ (2003) நூலில் கண்மாய்களைத் தொடர்ந்து சென்று, பாசனம் தன்னாட்சி பெற்ற கிராமச் சமூகத்தின் சாதனை என்ற இனிய கற்பனையை மறுத்தார். நீர் அதிகாரத்தையும் கொடையையும் சார்ந்தே ஓடியது என்பது அவர் முடிவு.

மூவரின் முடிவுகளும் வலுவானவை. ஆனால் கொடைப் பட்டயத்தில் தொடங்கியவர் கொடையரசையும், வழக்குக் கட்டில் தொடங்கியவர் வழக்காடும் அரசையும், கண்மாயில் தொடங்கியவர் நீரரசையும் கண்டிருக்கிறார்கள். ஆவணத்தின் தன்மை முடிவின் தன்மையையும் ஓரளவு தீர்மானித்திருக்கிறது. தமிழில் கமால் போன்றோர் செய்த பதிப்புப் பணி இல்லாமல் இவற்றைச் சரிபார்க்கவே முடியாது. ஆனால் அந்தப் பணி செப்பேடுகளோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மோடி எழுத்து, தமிழ்க் கணக்குகளுக்கு நிகரான பதிப்பு முயற்சி நடக்கவில்லை.

இன்று இந்த ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகம், மாவட்ட அலுவலகங்கள், லண்டனின் பிரிட்டிஷ் நூலகம், அரண்மனைகள், மடங்கள் எனச் சிதறியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் வகைப்படி அட்டவணையிடப்பட்டிருக்கிறது; ஊர்ப்படி அல்ல. அடுத்த பணி ஊரிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கண்மாயையும் அதன் ஆயக்கட்டையும் எடுத்துக்கொண்டு செப்பேடு, இனாம் பதிவு, வார்டு அறிக்கை, உரிமைப் பதிவேடு, 1949-க்குப் பிந்தைய தீர்வை ஏடு ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்தால், ஒவ்வொரு ஆவணமும் மறைத்ததை மற்றொன்று சொல்லும். பத்து ஊர்களுக்கு இதைச் செய்தாலே சேதுபதிகளின் வரலாறு ஒரு குடும்பத்தின் வரலாறாக இருப்பதை விட்டு, அந்த நிலத்தில் உரிமை கேட்ட அனைவரின் வரலாறாகும். ஏட்டில் பெயரே வராதவர்களுக்கு ஊர்ச் சுதந்திரப் பட்டியலும் வாய்மொழியும் தவிர வேறு சான்றில்லை. அவற்றையும் அந்த வரிசையில் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.